வாசகர் கேள்வி – பதில்: கல்லைத் தடுக்கும் வலை காற்றையும் தடுத்துவிடுமா?

ஏசி இழுத்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் பாகமான கண்டென்சரில் கல் பட்டு ஏசி நின்றுபோனது குறித்தும், அதைத் தடுக்க முன்கிரிலில் வலை கட்டுவது குறித்தும் ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆன என் காரில், நெடுஞ்சாலைப் பயணத்தின் நடுவே ஏசி குளிர்ச்சி தருவதை நிறுத்திவிட்டது. கண்டென்சரில் கல் பட்டுத் துளை விழுந்திருப்பதாகச் சொல்லி, மெக்கானிக் புதியது மாற்றினார். கிரிலின் உள்பக்கம் கொசுவலையை வெட்டிக் கட்டிவிட்டால் இனி இந்தத் தொல்லை இராது என்கிறார் நண்பர். கட்டலாமா? அது அவ்வளவு தேவையானது என்றால், காரைச் செய்தவர்களே ஏன் அதைப் பொருத்தித் தருவதில்லை?

பதில்: வலை கட்டலாம், ஆனால் கொசுவலை வேண்டாம். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் கல் ஏன் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை விட்டுவிட்டுக் கண்டென்சரைத் துளைத்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பெரும்பாலான கார்களில் கிரிலுக்குப் பின்னால் முதலில் நிற்பது ஏசியின் கண்டென்சர்தான். அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டரும், அதற்கும் பின்னால் ஃபேனும் இருக்கும். அதாவது, வருகிற அடியை முதலில் வாங்குவது கண்டென்சர். அது தட்டையான, மெல்லிய அலுமினியக் குழாய்களை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கு இடையில் ஃபின் எனப்படும் காகிதம் போன்ற அலுமினியத் தகடுகளை மடித்து வைத்துச் செய்யப்பட்ட பொருள். வெப்பம் விரைவாகக் காற்றுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே குழாயின் சுவரை இயன்ற அளவு மெல்லியதாகச் செய்கிறார்கள். அதே நேரத்தில், ஏசி ஓடும்போது அந்தக் குழாய்க்குள் இருக்கும் கேஸின் அழுத்தம் வெயில் நேரத்தில் 10 பாரைத் தாண்டி 20 பாரை நெருங்குவது வழக்கம். கார் டயரில் நாம் நிரப்பும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் அழுத்தமோ பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை பார் அளவில்தான் நிற்கும். ஆகவே ஊசிமுனை அளவு கீறல் விழுந்தால்கூடக் கண்டென்சரில் உள்ள கேஸ் வெளியேறிவிடுகிறது.

கல்லின் பக்கத்தையும் பார்ப்போம். ஏறத்தாழ 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு கருங்கல் ஜல்லி சுமார் 11 கிராம் எடை இருக்கும். முன்னால் செல்லும் லாரியின் டயரிலிருந்து தெறித்து அது காற்றில் நிற்கும் நொடியில் நீங்கள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதன்மேல் மோதினால், மோதலின் ஆற்றல் 4 ஜூலுக்குச் சற்று மேல். ஒரு கிலோ எடையை 40 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் விழும் அடியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் இங்கே அந்த அடி முழுவதும் கல்லின் ஒரு கூர்முனையில் இறங்குகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும் என்பதையும், முன்வண்டியிலிருந்து விலகி வந்தால் கல் தரையில் விழுந்துவிட நேரம் கிடைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வலையையும்விட மலிவான பாதுகாப்பு அது.

தயாரிப்பாளர் ஏன் தருவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். சில வண்டிகளில் சல்லடை போன்ற கிரிலை அவர்களே பொருத்தித் தருவதும் உண்டு. ஆனால் பொதுவாக, கடும் வெயிலில், முழுச்சுமையோடு, ஏசியும் ஓட, நீண்ட ஏற்றத்தில் மெதுவாக ஏறும் வண்டிக்குப் போதுமான காற்று கிடைக்குமா என்பதைத்தான் குளிர்விப்பு ஏற்பாட்டை வடிவமைப்பவர் முதலில் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு வலையைச் சேர்த்தால், புதிதாக இருக்கும்போது அது எவ்வளவு காற்றை விடும் என்பதை அவரால் அளக்க முடியும். ஓராண்டு தூசியும் பூச்சியும் சேறும் அப்பிய பிறகு எவ்வளவு விடும் என்பது வண்டியின் உரிமையாளர் கையில் இருக்கிறது. எல்லா உரிமையாளர்களும் மாதம் ஒருமுறை குனிந்து வலையைத் துடைப்பார்கள் என்று நம்பி ஒரு பொறியாளர் வண்டியை வடிவமைக்க மாட்டார். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொசுவலை ஏன் கூடாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு வலையின் திறப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது எளிது. கண்ணின் அகலத்தை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்க வேண்டும். 5 மி.மீ. கண்ணும் 1 மி.மீ. கம்பியும் உள்ள சதுர வலையில் 5-ஐ 6-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் சுமார் 69 விழுக்காடு திறப்பு வரும். கண் 1.2 மி.மீ., கம்பி 0.28 மி.மீ. என்றிருக்கும் கொசுவலையைக் கணக்கிட்டாலும் சுமார் 66 விழுக்காடு வருகிறது. ‘இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே’ என்று நீங்கள் கேட்கலாம். உலர்ந்த, தூய்மையான வலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் மழையில் நனைந்தால் 1.2 மி.மீ. கண்களில் நீர் படலமாக நின்றுவிடும். அதன்மேல் தூசி படிந்து காய்ந்தால் அது வலையாக இராது, துணியாகிவிடும். மழை விட்ட இரவில் ஈசல் கூட்டத்துக்குள் ஒருமுறை வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. தவிரவும், நைலானாலோ ஃபைபராலோ ஆன கொசுவலை கல்லைத் தடுப்பதற்கு வலுவற்றது. அது பூச்சியைத் தடுக்கும், கல்லுக்குக் கிழிந்து கொடுக்கும்.

5 அல்லது 6 மி.மீ. கண் உள்ள வலையில் சிறு கற்கள் நுழைந்துவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. நுழையும். ஆனால் கல்லின் விட்டம் நான்கில் ஒன்றாகும்போது எடை 64-இல் ஒன்றாகிவிடுகிறது, 20 மி.மீ. ஜல்லியோடு ஒப்பிட்டால் 5 மி.மீ. கல்லின் அடியும் அதே வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். அது சில ஃபின்களை வளைக்கலாம். குழாயைத் துளைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நாம் தடுக்க வேண்டியது பெரிய கல்லை மட்டுமே என்று முடிவு செய்துவிட்டால், பெரிய கண்ணுள்ள வலையே போதும் என்பது தானாக விளங்கிவிடும். திறப்பு 69 விழுக்காடு என்பதால் காற்றும் 31 விழுக்காடு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். காற்றுக்குப் பெரிய தடையாக இருப்பவை நெருக்கமான ஃபின்களைக் கொண்ட கண்டென்சரும் ரேடியேட்டரும்தான். தூய்மையாக உள்ள பெரிய கண் வலை அவற்றோடு ஒரு சிறு தடையைத்தான் சேர்க்கிறது.

கேள்வி: வலையை நானே பொருத்த விரும்புகிறேன். எந்த உலோகத்தில் வாங்குவது, கிரிலின் முன்பக்கமா பின்பக்கமா, எப்படிக் கட்டுவது என்று விளக்குவீர்களா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன்னால், வண்டியின் முன் உட்கார்ந்து டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். இன்றைய பல கார்களில் மேலே பெரிதாகத் தெரியும் கிரில் பாதிக்கு மேல் வெறும் அலங்காரம். அதன் பின்பக்கம் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும். உண்மையான காற்று வாசல் பம்பரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அகன்ற திறப்பாக இருப்பதும், அதில் நான்கு விரல் நுழையும் அளவு இடைவெளிவிட்டுக் கம்பிகள் இருப்பதும் சாதாரணம். கல்லும் தரையை ஒட்டித் தெறிப்பதால் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும். மேலே அழகாக ஒரு வலையைப் பொருத்திவிட்டுக் கீழ்த்திறப்பை அப்படியே விட்டுவைப்பவர்கள் பலர். வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்ட கதை அது.

உலோகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் பின்னிய வலை உறுதியானது. அலுமினியத் தகட்டைக் கீறி இழுத்துச் செய்யும் வைரக்கண் வலை இலேசானது, கையால் வளைத்துப் பொருத்த வசதியானது. இரண்டில் எதுவும் நல்லதே. தகட்டில் வட்டத் துளைகள் போட்ட சல்லடைத் தகடு மட்டும் வேண்டாம், 3 மி.மீ. துளைகளை மையத்துக்கு மையம் 5 மி.மீ. இருக்கும்படி, அடுத்தடுத்த வரிசைகளைச் சற்றுத் தள்ளி அடுக்கிய தகட்டில் திறப்பு ஏறத்தாழ 33 விழுக்காடுதான், அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாசலை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

வலை கிரிலின் பின்பக்கம், அதாவது கிரிலுக்கும் கண்டென்சருக்கும் நடுவில் நிற்பது பார்வைக்கு நல்லது; முன்பக்கம் நிற்பது துடைப்பதற்கு நல்லது. பின்பக்கம் பொருத்துவதற்குச் சில கார்களில் பம்பரையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், எனக்கு முன்பக்கத்தின் மேல்தான் சாய்வு. எங்கே பொருத்தினாலும் ஒரு விதியை மீறக்கூடாது: வலை கண்டென்சரைத் தொடக்கூடாது. குறைந்தது ஒரு விரல் தடிமனாவது இடைவெளி வேண்டும். இரண்டு விரல் இருந்தால் இன்னும் நல்லது. கல் பட்டதும் வலை சற்று உள்வாங்கும் என்பது ஒரு காரணம். ஓட்டத்தின் அதிர்வில் வலையின் கம்பி அலுமினியக் குழாயை நாள்தோறும் அரத்தைப் போல ராவிக்கொண்டே இருக்கும் என்பது இன்னொன்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு, இடையில் உப்பு நீரோ சேற்று நீரோ தேங்கினால் ஒரு சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும் என்பது மூன்றாவது. காக்க வந்த வலையே கண்டென்சரைத் தின்றால், வேலியே பயிரை மேய்ந்த கணக்குத்தான்.

கட்டுவதற்குக் கறுப்பு நிறக் கேபிள் டைகள் போதும். வெள்ளை நிறத்தவை வெயிலில் விரைவில் நொறுங்கிவிடும். அவற்றைக் கிரிலின் கம்பிகளிலும் பம்பரின் பிளாஸ்டிக் விளிம்புகளிலும் மட்டுமே கட்ட வேண்டும். கண்டென்சரின் ஃபின்களுக்குள் கேபிள் டையை நுழைத்து இறுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அந்த இடத்தின் ஃபின்களை நசுக்குவதோடு குழாயையும் உரசும். வெட்டிய வலையின் விளிம்பில் கம்பி முனைகள் நீட்டிக்கொண்டிருக்குமாகையால், அவற்றை மடித்துவிட்டு ரப்பர் பீடிங் ஒன்றைச் சுற்றி மாட்டுங்கள். கழுவுவதற்காக வலையை அடிக்கடி கழற்ற வேண்டும் என்பதை மனத்தில் வைத்து, நான்கைந்து கட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தானாகப் பிரேக் போடும் வசதியோ, முன்வண்டியின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் குரூஸ் கண்ட்ரோலோ உள்ள காராக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதற்கான ரேடார் பல கார்களில் கிரிலுக்குள்ளோ, நிறுவனச் சின்னத்துக்குப் பின்னாலோ, கீழ்த்திறப்பின் நடுவிலோ ஒளிந்திருக்கும். அதன் அலைநீளம் சுமார் 4 மி.மீ.தான் என்பதால், உலோக வலை அதன் முன் நின்றால் அலைகள் சிதறி, ரேடார் குழம்பிப்போகும். அந்த இடத்தை முழுவதுமாக விட்டுவிட்டு வலையை வெட்ட வேண்டும். கிரிலுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் சாளரப் பட்டைகள் உள்ள கார்களில், பட்டைகள் சுழல்வதற்கு வலை இடையூறாக நிற்கிறதா என்று ஒருமுறை கையால் அளந்து பார்த்துவிடுங்கள். ரேடியேட்டரின் இருபுறமும் இருக்கும் பிளாஸ்டிக், ஸ்பாஞ்சு அடைப்புகளை வழிமறிக்கின்றன என்று எண்ணிக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் ஓரமாக நழுவிப் போய்விடும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் வலை போட்டேன். இப்போது நெடுஞ்சாலை ஏற்றங்களில் வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே போகிறது. வலைதான் காரணமா?

பதில்: வலையைக் கழற்றிவிட்டு, அதே சாலையில், அதே ஏற்றத்தில், ஏறக்குறைய அதே வெயிலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. முள்ளைவிட நம்பகமான கணக்கு வேண்டுமானால், பழுதைக் கண்டறிவதற்காக வண்டியில் இருக்கும் முனையில் (OBD) செருகிப் படிக்கும் சிறு கருவியின் மூலம், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கலாம். பல கார்களின் முள் ஒரு பெரிய வெப்பநிலை வரம்பு முழுவதும் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அது நகர்ந்து காட்டும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

வலையைக் கழற்றியும் முள் இறங்காவிட்டால் குற்றத்தை வேறிடத்தில் தேட வேண்டும். வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறினால், ரேடியேட்டரின் உள்ளடைப்பையும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேர்ந்திருக்கும் குப்பையையும் சந்தேகிக்கலாம். நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறி, வேகமெடுத்ததும் இறங்கினால், ஃபேன் சரியாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான நடுச்சந்து பலர் கண்ணில் படாத இடம்: பஞ்சும் இலைத்துகளும் கண்டென்சரின் ஓரங்கள் வழியாக நுழைந்து, ரேடியேட்டரின் முகத்தில் கம்பளம் விரித்ததுபோல் படிந்துவிடும், முன்னிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும்.

கேள்வி: வண்டி கழுவும் இடத்தில் பிரஷர் வாஷர் அடித்ததில் கண்டென்சரின் ஃபின்கள் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டன. இதனால் பாதிப்பு உண்டா? வலையையும் கண்டென்சரையும் எப்படிக் கழுவ வேண்டும்?

பதில்: ஃபின் படுத்த இடத்தில் காற்று புகாது, ஆகவே படுத்த பரப்பு எவ்வளவோ அவ்வளவு கண்டென்சரை இழந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். உள்ளங்கை அளவுக்கு உட்பட்டதென்றால் கவலை வேண்டாம். அதற்கு மேல் என்றால், ஃபின்களை நிமிர்த்துவதற்கென்றே விற்கும் சீப்பு ஒன்றை வாங்கி, ஃபின்களின் இடைவெளிக்குப் பொருந்தும் பல்வரிசையைத் தேர்ந்து, மெதுவாகச் சீவி நிமிர்த்தலாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நிமிர்த்தும் எண்ணம் வேண்டாம். இரண்டு ஃபின்களை நிமிர்த்தி ஒரு குழாயைத் துளைப்பீர்கள்.

கழுவும் முறைக்கு வருவோம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். ஏனெனில் எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்குவது பல கார்களில் உண்டு. தோட்டத்துக் குழாயின் சாதாரண அழுத்தமே போதும். கை நுழையுமானால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி நீரை விடுவது நல்லது, குப்பை வந்த வழியே திரும்பிப் போகும். முன்னாலிருந்து மட்டுமே முடியும் என்றால், நீர் ஃபின்களுக்கு நேராக விழ வேண்டும். சாய்வாக அடித்தால்தான் அவை படுக்கின்றன. ஒட்டியிருக்கும் பூச்சிகளை வண்டிக்கழுவும் ஷாம்புவைக் கலந்த நீரால் பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷை ஃபின்களின் திசையிலேயே ஓட்டி எடுக்கலாம். ஆசிட் கலந்த கழுவு திரவங்களும், அடுப்புப் பிசுக்கைப் போக்கும் காரமான திரவங்களும் அலுமினியத்தைத் தின்னும் என்பதால் அவற்றைக் கண்டென்சர் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

வலையைப் பொறுத்தவரை, கழற்றித் தட்டி, கழுவி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. மாதம் ஒருமுறை, அல்லது நீண்ட பயணம் ஒன்று முடிந்ததும் செய்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க முடியாது என்று தெரிந்தவர்கள் வலை போடாமல் இருப்பதே நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்: அடைத்துப்போன வலையோடு ஆண்டுக்கணக்கில் ஓடுவது எஞ்சினையும் ஏசி கம்ப்ரெஸரையும் சேர்த்து வருத்தும்.

கேள்வி: கல் பட்ட சத்தம் கேட்டது. ஒழுகுவது கண்டென்சரா ரேடியேட்டரா என்பதை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். கண்டென்சர் என்றால் வண்டி தொடர்ந்து ஓடும், ஏசிக் காற்று மட்டும் சூடாகிவிடும். கேஸோடு கம்ப்ரெஸர் எண்ணெயும் வெளிவருவதால் துளை விழுந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். மாற்ற வேண்டியிருந்தால், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் உடன் மாற்றி, குழாய்களை வெற்றிடமாக்கிய பிறகே எடை பார்த்துக் கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். ரேடியேட்டர் என்றால் வண்டியின் அடியில் நிறமுள்ள கூலன்ட் சொட்டும், லேசான இனிப்பு மணம் வரும், சிறிது நேரத்தில் வெப்பமும் ஏறத் தொடங்கும். அப்போது ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது, ஏனெனில் அழுத்தம் நீங்கிய நொடியில் கூலன்ட் கொதித்துப் பீறிடும். தரையில் தேங்கிய கூலன்ட் நஞ்சு என்பதால், குழந்தைகளும் விலங்குகளும் நெருங்குமுன் கழுவித் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது மின்சார கார். எஞ்சினே இல்லாத வண்டிக்கு இதெல்லாம் வேண்டுமா?

பதில்: எஞ்சின் இல்லையே தவிர, மோட்டாரும் பேட்டரியும் சூடாகத்தான் செய்கின்றன. பல மின்சார கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் பொறுப்பும் ஏசியின் கேஸுக்கே விடப்பட்டிருப்பதால், கண்டென்சரில் துளை விழுந்தால் உங்களுக்கு வியர்ப்பதோடு முடியாது. பேட்டரியைக் காப்பதற்காக வண்டி வேகச் சார்ஜிங்கையே குறைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. வேகச் சார்ஜிங்கின்போது வண்டி நின்றுகொண்டிருக்க, கண்டென்சர் முழுமூச்சாக வேலை செய்யும். அப்போது ஓட்டத்தால் வரும் காற்று இல்லை, ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே. ஆகவே உங்கள் வண்டிக்கு 6 மி.மீ.க்குக் குறையாத கண்ணுள்ள வலையைத் தேர்ந்து, மற்றவர்களைவிட ஒருபடி கூடுதலாகவே அதைச் சுத்தமாக வைத்திருங்கள்.

கேள்வி: வலை பளபளவென்று வெளியே தெரிகிறது. கறுப்புப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். கழற்றி எடுத்து, பிசுக்குப் போகக் கழுவி உலர்த்தி, பிரைமருக்கு மேல் ஸ்ப்ரே பெயின்ட்டை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக அடியுங்கள். தடிமனாக அடித்தால் கண்களின் மூலைகளில் பெயின்ட் திரண்டு திறப்பு சுருங்கிவிடும். வலை வண்டியில் இருக்கும்போதே அடிக்க வேண்டாம். பின்னால் இருக்கும் கண்டென்சருக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுவீர்கள்.